பன்னிரண்டரை ஜோடி

ஒற்றைப்படை எண் என்று ஒன்று இந்த உலகத்தில் இருப்பதையே ஒப்புக்கொள்ளாத டீச்சர் ஒருவர் உண்டு. அவர் ஆம்பூரில் எங்கள் தெரு பால்வாடியில் இருந்தார். அங்கன்வாடி என்பது போர்டில் எழுதியிருக்கும் பெயர். எங்களுக்கு அது பால்வாடி, அவர் ஜோடி டீச்சர். அவருடைய சொந்தப் பெயர் என்னவென்று அந்தத் தெருவில் இருந்த காலம் முழுக்க எனக்குத் தெரியாது. தபால்காரரே "ஜோடி டீச்சருக்கு ஒரு தபால்" என்றுதான் குரல் கொடுப்பார்.

இந்தப் பெயரால் அவருக்கு வந்த தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. ஒருமுறை குடியாத்தத்திலிருந்து ஒரு பெரியவர் வெள்ளை வேட்டி சட்டையோடு, மகனின் போட்டோவையும் ஜாதகத்தையும் எடுத்துக்கொண்டு பால்வாடி வாசலில் வந்து நின்றார். ஆம்பூரில் ஒரு டீச்சரம்மா ஜோடி சேர்ப்பதில் கெட்டிக்காரர் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். டீச்சர் மறுபேச்சு பேசாமல் போட்டோவை வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"லெஃப்ட் தோள்பட்டை கொஞ்சம் எறங்கி இருக்குதுங்க. சரிபண்ணி எடுத்துட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பெரியவர் போட்டோவைத் தானும் ஒருமுறை சாய்த்துப் பார்த்துவிட்டு பஸ் ஏறினாராம்.

விஷயம் இதுதான். டீச்சராவதற்கு முன்னால் அவர் ஷூ கம்பெனியில் பேக்கிங் பிரிவில் செக்கராக இருந்தவர். பெல்ட்டில் வரும் ஷூக்களில் இடதுக்கு வலது சேர்த்து, இரண்டும் ஒரே உயரமா, தையல் ஒன்றுபோல் போகிறதா என்று பார்த்து டப்பாவில் அடுக்குவது வேலை. ஷூ கம்பெனியில் எல்லாமே ஜோடிக் கணக்கு. "இன்னிக்கு எவ்ளோ ஓடுச்சு?" என்று கேட்டால் "ஐநூறு" என்பார்கள். ஐநூறு ஷூ இல்லை, ஐநூறு ஜோடி. இதை யாரும் யாருக்கும் விளக்குவதில்லை. இந்த வேலையைப் பல வருஷம் பார்த்த பிறகு அவருக்கு அரசாங்கத்தில் பால்வாடி வேலை கிடைத்தது. கம்பெனி கேட்டைத் தாண்டி வெளியே வந்தவர், கம்பெனியை உள்ளேயே விட்டுவிட்டு வர மறந்துவிட்டார்.

எங்கள் தெருவில் முக்கால்வாசி அம்மாக்கள் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். என் மனைவியும் தையல் பிரிவில் இருந்தாள். நான் வேறொரு கம்பெனியில் ஸ்டோர்ஸ். கம்பெனி பஸ் எட்டு மணிக்கு முன்னாலேயே தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும். பால்வாடி சட்டப்படி திறக்க அதற்கப்புறம் வெகுநேரம் ஆகும். நடுவில் குழந்தையை எங்கே வைப்பது? கான்வென்ட்டில் வேன் அனுப்பி விடிந்ததும் அள்ளிக்கொண்டு போவார்கள்தான். ஆனால் அவர்கள் கேட்கிற பீஸைக் கட்டினால், பெண்கள் வேலைக்குப் போவதே கான்வென்ட்டுக்காகத்தான் என்றாகிவிடும். இதற்காக ஜோடி டீச்சர் மனு எழுதவில்லை, கூட்டம் போடவில்லை. பஸ் ஹாரன் அடிக்கும்போது பால்வாடிக் கதவு திறந்திருக்கும், அவ்வளவுதான்.

"லைன் ஓடணும்னா மெட்டீரியல் முன்னாடியே வந்துடணும்ல" என்பார். மெட்டீரியல் என்றது எங்கள் பிள்ளைகளை.

என் மகள் ஜெனியைச் சேர்க்கப் போன அன்று டீச்சர் அவளைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். குனிந்து பாதத்தைப் பார்த்தார்.

"சைஸ் இருபத்தஞ்சு. மூணு வயசு முடிஞ்சிடுச்சா தம்பி?"

"முடிஞ்சிடுச்சு டீச்சர்."

"காலு சொல்லுதே. எல்லாம் சரிதான், ஆனா நீ இன்னா பண்ணிட்ட தெரியுமா? நேத்து வரைக்கும் கரெக்டா பன்னெண்டு இருந்துச்சு. இப்ப பன்னெண்டரை ஆக்கிட்ட."

நான் என்னவோ பெரிய தப்பு செய்துவிட்டதுபோல் நின்றேன். அங்கே எந்தக் குழந்தையும் தனியாக இருக்கக்கூடாது என்பது சட்டம். கை கழுவப் போனாலும் ஜோடி, முட்டை வாங்க வந்தாலும் ஜோடி, ஒன்றுக்குப் போனாலும் ஜோடி. ஜோடி சேர்ப்பதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. அழுகிற இம்ரானுக்கு அதட்டுகிற காவ்யா. ஓடுகிறவனுக்கு உட்காருகிறவள். "ரெண்டும் லெஃப்ட்டா இருந்தா எப்படி நடக்கறது?" என்று கேட்பார். கடைசியில் மிஞ்சி நின்ற ஜெனியைப் பார்த்து யோசித்தார். தன் சுண்டுவிரலை நீட்டினார்.

"வேற ஆள் வர்ற வரைக்கும் நீயும் நானும் ஜோடி. இன்னா, ஓகேவா?"

ஜெனி அந்த விரலைப் பிடித்தாள். அதற்கப்புறம் சேர்ந்த பிள்ளைகளும் உண்டு, நின்ற பிள்ளைகளும் உண்டு. அவள் மட்டும் விரலை விடவில்லை.

முதல் வாரமே ஜெனி வீட்டுக்கு வரும்போது காதில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. ஷூ கம்பெனியில் குறை எங்கே இருக்கிறது என்று காட்ட அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். கீறல் இருந்தால் கீறலுக்கு நேரே அம்பு. டீச்சர் அந்தப் பழக்கத்தைப் பிள்ளைகள் மேல் காட்டினார். காதில் அழுக்கு இருந்தால் காதுக்கு அம்பு, நகம் வளர்ந்தால் விரலுக்கு அம்பு, பட்டன் அறுந்தால் சட்டைக்கு அம்பு. சாயங்காலம் எங்கள் தெருப் பிள்ளைகள் உடம்பெல்லாம் அம்பு தைத்தபடி போர்க்களத்திலிருந்து வருவதுபோல வருவார்கள். அம்மாக்கள் அம்பைப் பார்த்துப் பார்த்து ரிப்பேர் வேலை பார்ப்பார்கள். குறையே இல்லாத பிள்ளைக்குப் பச்சை வட்டம் ஒட்டுவேன் என்று டீச்சர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பச்சை வட்டத்தை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

ஒருநாள் பிள்ளையை விடப் போன அவசரத்தில் நான் ஷேவ் பண்ணவில்லை. கம்பெனிக்குப் போய் மேனேஜர் முன்னால் நின்று பேசிவிட்டு வந்த பிறகுதான், என் தாடையில் ஒரு அம்பு இருப்பதை வாட்ச்மேன் சொன்னார்.

பாடமும் அப்படித்தான். A ஃபார் அப்பர், B ஃபார் பக்கிள், H ஃபார் ஹீல், S ஃபார் சோல். எல்லா டீச்சர்களும் X வந்ததும் திணறுவார்கள். இவர் திணறியதே இல்லை. "X ஃபார்?" என்று கேட்டதும் பிள்ளைகள் தெரு அதிர "எக்ஸ்போர்ட்!" என்று கத்தும். எதிர்வீட்டில் படுத்திருந்த நைட் ஷிப்ட் ஆட்கள் திடுக்கிட்டு எழுந்து லுங்கியைத் தேடுவார்கள்.

ஆனால் அவருடைய திறமையெல்லாம் வெளிப்படுவது மத்தியானத் தூக்கத்தில்தான். பால்வாடி என்பது அரசாங்கம் வாடகைக்கு எடுத்திருந்த ஒற்றை அறை. அதில் ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் சத்துமாவு மூட்டை, நடுவில் எடை பார்க்கும் மெஷின். மிச்சம் இருக்கிற இடத்தில் அத்தனை பிள்ளைகளையும் படுக்க வைக்க முடியாது என்று கட்டடம் கட்டிய மேஸ்திரியே சொல்லியிருக்கிறார். டீச்சர் விசில் ஊதி "பேக்கிங்!" என்பார். அடுத்த நிமிஷம் பிள்ளைகள் டப்பாவில் ஷூ வைக்கிற மாதிரி, ஒன்றின் தலைப்பக்கம் இன்னொன்றின் கால் வருவதுபோல, ஜோடி ஜோடியாகப் படுத்துவிடும். மேலே டிஷ்யூ பேப்பருக்குப் பதிலாகப் பழைய குடியாத்தம் லுங்கி. மூச்சு சத்தம் தவிர ஒன்றும் கேட்காது. இதே பிள்ளைகள் வீட்டில் ஆளுக்கொரு கட்டில் கொடுத்தாலும் தூங்காது.

எல்லோரும் இதை ரசித்தார்கள் என்று சொல்ல முடியாது. எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு ஷூ கம்பெனி சூப்பர்வைசர். அவர் பையன் கான்வென்ட்டில் டை கட்டிப் போகிறவன். ஒருநாள் அவர் டீச்சரிடம் வாயை விட்டார்.

"கோச்சிக்காதீங்க டீச்சர். எக்ஸ்போர்ட் சரக்குன்னா கான்வென்ட்தான். கவர்மென்ட் பால்வாடின்னா செகண்ட்ஸ் மாதிரி."

குறை இருப்பதால் ஏற்றுமதிக்குப் போகாமல் ரோட்டோரத்தில் குவித்து விற்கிற ஷூவுக்கு எங்கள் ஊரில் செகண்ட்ஸ் என்று பெயர். டீச்சர் கையில் கரண்டி இருந்தது. நான் அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஷூவுலதாங்க செகண்ட்ஸ். அதுவும் நாம தெச்சி முடிச்ச அப்புறம்தான் சொல்லுவோம்" என்றார். "இதுங்க இன்னும் கட்டிங்கே ஆவல. இப்பவே ரோட்டோரம் தூக்கிப் போட்டா எப்படி?"

சூப்பர்வைசர் வண்டியை எடுத்தார். ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்காரம்மா, கான்வென்ட் விட்டு வந்த பையனைக் கொல்லைப்புறமாக அழைத்துவந்து பால்வாடியில் விட்டார். வீட்டில் முட்டை கொடுத்தால் தொடுவதில்லையாம், பக்கத்தில் நாலு பிள்ளைகள் இருந்தால் தின்பானாம். டீச்சர் டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அவனை உட்கார வைத்தார். அன்றைக்கு வராத ஒரு குழந்தையின் ஜோடிக்கு அவன் தற்காலிக ஜோடியானான்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த போன் வந்தது.

பிள்ளைகளின் வருகையை செல்போனில் ஏற்ற வேண்டும். அந்த வாரம் அது படுத்துவிட்டது. அதனால் அலுவலகத்திலிருந்து ஒருவர் ஒவ்வொரு பால்வாடிக்கும் போன் போட்டுக் கேட்டார். டீச்சர் ஒரு கையில் கரண்டி, தோளில் போன், மறுகையில் ஜெனியோடு பதில் சொல்லியிருக்கிறார். சமைக்கிற அக்கா பக்கத்தில் இருந்து கேட்டது இது.

"இன்னிக்கு எத்தனம்மா?"

"பன்னெண்டரை சார்."

"அது என்னம்மா அரை?"

"ஒண்ணு ஜோடி இல்லாம நிக்குது சார், அதான்... டேய் இம்ரான், மாவை மூக்குல வெக்காத!"

போன் கட்டாகிவிட்டது. அந்தப் பக்கம் இருந்தவர் ஊருக்குப் புதிது. ஏதோ ஒரு குழந்தை அரை நாள்தான் வருகிறதுபோல என்று முடிவு செய்து, அரையை அடித்துவிட்டு பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டார்.

கொஞ்ச நாளில் உத்தரவு வந்தது. வருகை மிகக் குறைவாக இருப்பதால் இந்த மையத்தை பைபாஸுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மையத்தோடு சேர்க்கிறோம், சாமான்களை எடுத்துக்கொள்ள அதிகாரி வருவார் என்று இருந்தது. தெருவே ஆடிப்போய்விட்டது. வருகை குறைவா? இங்கே கால் வைக்க இடமில்லாமல் தலைகால் மாற்றிப் படுக்க வைக்கிறோம், இதில் குறைவு எங்கே வந்தது என்று யாருக்கும் விளங்கவில்லை. டீச்சருக்கும்தான் விளங்கவில்லை.

என் மனைவி அன்றைக்குச் சாப்பிடவில்லை. பைபாஸில் லாரி நிற்காமல் போகும். கீழே சுரங்கப் பாதைக்குச் சுற்றிக்கொண்டு போய் ஜெனியை விட்டுவிட்டு ஓடி வந்தால் கம்பெனி பஸ் போயிருக்கும்.

"நான் வேலைய விட்டுர்றேங்க. வேற இன்னா பண்றது?" என்றாள். தெருவில் பல வீட்டில் அன்று இதே பேச்சு.

அதிகாரி வரும் நாளில் பெற்றோர் சார்பில் என்னை நிற்க வைத்தார்கள். ஸ்டோர்ஸ் வேலைக்கு நடுவே அவ்வப்போது பத்திரிகையில் எழுதுகிற ஆள், நன்றாகப் பேசுவான் என்று நம்பிக்கை. அன்று நான் பேசியது மொத்தமே "வணக்கம் மேடம்"தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மேடம் ஜீப்பில் வந்தார். பின்னாலேயே சாமான் ஏற்ற ஒரு லோடு ஆட்டோ. டீச்சருக்கு அதிகாரி என்றாலும் ஷூ வாங்க வரும் பையர் என்றாலும் ஒன்றுதான். வெளிநாட்டுப் பையர் வருகிறபோது கம்பெனியில் செய்வதுபோல வாசலில் கோலம், பிள்ளைகளுக்குத் தலை சீவல், வரிசையாக ஜோடிச் செருப்பு எல்லாம் தயார். மேடம் உள்ளே எட்டிப் பார்த்தார். அறை முழுக்கப் பிள்ளைகள். கையிலிருந்த பேப்பரைப் பார்த்தார். மறுபடி பிள்ளைகளைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"பன்னெண்டு பசங்கன்னு ரிப்போர்ட் இருக்கு. இங்க என்ன, கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு? நான் வர்றேன்னு தெரிஞ்சதும் பக்கத்து தெருவுலேர்ந்து பிடிச்சுட்டு வந்தீங்களா?"

"அய்யய்யோ, இல்ல மேடம். எல்லாம் நம்ம பசங்கதான். கரெக்டா பன்னெண்டரை."

"பன்னெண்டரையா? விளையாடுறீங்களா?"

டீச்சரின் குரல் உயர்ந்தது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"பொய்க்கணக்கு போடற ஆளு நானா மேடம்? நான் கட்டின டப்பா ஒண்ணு கூட கடல் தாண்டிப் போய் திரும்பி வந்தது கெடையாது. நீங்களே எண்ணிப் பாருங்க."

எண்ணுவது லேசா? ஒருத்தன் சத்துமாவு மூட்டைக்குப் பின்னால், ஒருத்தி எடை மெஷின் மேல். மேடம் ஏழு வரைக்கும் போனார், மறுபடி ஒன்றில் ஆரம்பித்தார். டீச்சர் இடுப்பிலிருந்து விசிலை எடுத்து ஊதினார்.

"பேக்கிங்!"

அவ்வளவுதான். நான் இமை கொட்டுவதற்குள் தரை முழுக்கப் பிள்ளைகள் படுத்தாகிவிட்டது. லுங்கி பறந்து வந்து மூடியது. இம்ரான் குறட்டை விடுவதுபோல் கூடுதலாக நடித்தான். மேடம் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, வாசல் பக்கம் தெரிந்த தலைகளை விரல் நீட்டி எண்ணினார். பன்னிரண்டு.

"பன்னெண்டு சரியாத்தானே இருக்கு!" என்றார் குழப்பத்தோடு. "அப்ப மத்தவங்க எங்க?"

"தலைக்கு நடுவுல கால் இருக்குதே மேடம். அந்தக் காலோட தலையெல்லாம் அந்தப் பக்கம் இருக்குது."

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு, மூட்டையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் எண்ணினார். அங்கேயும் பன்னிரண்டு. வாடகைக்குப் பிடித்து வந்த பிள்ளைகள் விசிலுக்கு இப்படிப் படுக்காது என்பது அவருக்கே தெரிந்துவிட்டது. டீச்சரின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு ஜெனி மட்டும் நின்றிருந்தாள்.

"இது யாரு?"

"அதுதான் மேடம், அரை."

மேடம் அந்தப் பக்கத் தலைகளைப் பார்த்தார், இந்தப் பக்கத் தலைகளைப் பார்த்தார், ஜெனியைப் பார்த்தார். பேப்பரைப் பார்த்தார்.

"டீச்சர்... நீங்க போன்ல ஜோடிக் கணக்கா சொன்னீங்க?"

"வேற எந்தக் கணக்குல சொல்றது மேடம்?"

வாசலில் நின்ற லோடு ஆட்டோக்காரர் தலையை நீட்டினார். "ஜோடியிலதான சொல்லுவாங்க மேடம். ஒத்தை ஷூ போட்டு யாரு நடப்பா?" சமைக்கிற அக்காவும் ஆமாம் என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். மேடம் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் வேறு மாவட்டத்துக்காரர், பாவம்.

எடை மெஷின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். சமைக்கிற அக்கா அவசரமாகத் தண்ணீர் கொடுத்தார்.

"அந்தப் பக்க மையத்துல கட்டடம் நல்லா இருக்கு டீச்சர். விளையாட்டுச் சாமான் எல்லாம் இருக்கு" என்றார், கொஞ்சம் சமாதானமான குரலில்.

"கட்டடம் ஜோராத்தான் இருக்குது மேடம். நடுவுல பைபாஸும் இருக்குதே. புள்ளய அங்க விட்டுட்டு ஓடியாந்தா பஸ்ஸு போய்டும். நாலு நாள் பஸ்ஸு போனா வேலை போய்டும். வேலை போனா புள்ளய வீட்டுலயே வெச்சிக்குவாங்க. பீஸ் கட்டறவங்களுக்கு வேன் வீட்டு வாசலுக்கே வருது. கவர்மென்ட் இதுங்களுக்குன்னு குடுக்கற முட்டை பைபாஸுக்கு அந்தாண்ட வெந்துகினு இருந்தா, இதுங்களுக்கு அதால இன்னா பிரயோஜனம்?"

மேடம் தண்ணீரைக் குடித்து முடித்தார். அலுவலகத்துக்கு போன் போட்டார். "அந்தப் பன்னெண்ட இருபத்தஞ்சுன்னு மாத்துங்க. ஆமாம், இருபத்தஞ்சு. இல்ல, அரை நாள் இல்ல. நேர்ல வந்து சொல்றேன், போன்ல சொன்னா உங்களுக்குப் புரியாது" என்றார். லோடு ஆட்டோ காலியாகத் திரும்பியது. வெளியே நின்ற அம்மாக்களில் ஒருத்தி இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு அழுதாள். லீவு போட்டு வந்திருந்த என் மனைவி, டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் மேடத்திடமிருந்து டீச்சருக்கு ஒரு போன்.

"என் புடவையில ஒரு அம்பு ஒட்டியிருக்கு. சாம்பார் கறைக்கு நேரா. யார் ஒட்டினது?"

"காவ்யா மேடம். நல்ல செக்கரா வரும். கறை போச்சுதா மேடம்?"

அடுத்த வருஷம் எனக்கு ராணிப்பேட்டையில் வேலை கிடைத்து நாங்கள் வீடு மாறினோம். கிளம்புகிற அன்று ஜெனியை டீச்சரிடம் அழைத்துப் போனேன். காது, நகம், பட்டன் எல்லாம் பார்த்தார். திருப்பி நிறுத்தி மறுபடி பார்த்தார். ஒரு டப்பாவின் அடியிலிருந்து பச்சை வட்டம் ஒன்றை எடுத்து அவள் நெற்றியில் ஒட்டினார். எங்களைப் பார்க்காமல் திரும்பி, "டேய், யார்ரா அங்க ஜோடிய விட்டுட்டு சுத்தறது?" என்று இல்லாத யாரையோ அதட்டினார். அந்தக் குரல் சரியாக இல்லை. நான் ஜெனியைத் தூக்கிக்கொண்டேன்.

ஜெனி இப்போது ராணிப்பேட்டையில் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. போன வாரம் அவளுடைய மிஸ் என்னை நிறுத்தினார்.

"உங்க பொண்ணு நல்லாப் படிக்குது சார். ஆனா எண்ணத்தான் வரல. வீட்டுல எத்தன பேருன்னு கேட்டா ஒண்ணரைங்குது."

அப்பா, அம்மா, அவள். ஒன்றரை சரிதானே என்று எனக்குத் தோன்றியது. நான் சிரித்ததைப் பார்த்து மிஸ்ஸும் சிரித்துவிட்டு, ஜெனியிடம் குனிந்து கேட்டார்.

"அந்த அரை யாரும்மா?"

"நான்தான் மிஸ்" என்றாள் ஜெனி. "என் ஜோடி ஆம்பூர்ல இருக்காங்க."